எனக்கு விழுந்த வினைச்சொல்

"தமிழ் எழுத்தையே சண்டே ஸ்கூல்ல கத்துக்கிட்ட பொண்ணு நீ. உனக்கு ஹீப்ரூ வேறயா?"

எங்கள் சபையின் செயலாளர் இப்படிக் கேட்டபோது எபிரேய மொழி வகுப்புக்கான என் விண்ணப்பம் அவர் கையில் இருந்தது. கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். "பி.எட். படிக்கிறேன்னு சொல்லும்மா, சிபாரிசுக் கடிதம் இப்பவே எழுதித் தர்றேன். இதெல்லாம் ஆயர் வீட்டுப் பிள்ளைங்க படிக்கிறது" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அரசுப் பள்ளியில் கன்னட மீடியத்தில் படித்தவள் நான். அம்மா தெரு பெருக்குகிறவர். அப்பா ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றுகிறவர். இருவருமே பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. தமிழ் எழுத்துகளை ஞாயிறு பள்ளியில் வேதப் புத்தகத்தை வைத்துத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதனால் பத்து வயதில் நான் பேசிய தமிழைக் கேட்டுத் தெருவே சிரிக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் "எங்கள் அம்மா உம்மை அழைக்கிறார்" என்று சொன்னவள் நான்.

கடிதம் வாங்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எழுதித் தந்தார்.

பிஸ்கட் டப்பா

கண்டோன்மெண்ட் பக்கத்துச் சபை மண்டபம் ஒன்றில் சனிக்கிழமை மதியங்களில் அந்த வகுப்பு நடக்கும். இரண்டு வருடப் படிப்பு. எட்டுப் பேர் படித்தோம். வாரம் முழுக்க ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பெயர் பதியும் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடுவேன்.

கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு வினைச்சொல்லை ஆராய்ந்து எழுத வேண்டும். அந்தச் சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது, அங்கே என்ன பொருள், நம் தமிழ் வேதத்தில் அதை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஓர் இடம் விடாமல் பட்டியல் போட வேண்டும். யாருக்கு எந்தச் சொல் என்பதைச் சீட்டுதான் முடிவு செய்யும். எங்கள் ஆசிரியை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி நீட்டுவார்.

அந்த வருடம் சீட்டுக்கு மதிப்பு கூடியிருந்தது. எளிய தமிழில் வேதத்தைப் புதிதாக மொழிபெயர்க்கும் குழு ஒன்று பெங்களூரில் வேலை தொடங்கியிருந்தது. எபிரேய மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இளையவர் ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். முழுநேர வேலை, ஒரே இடம். எங்கள் கட்டுரைகளைக் கேட்டு அதிலிருந்து ஒருவரை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு முன்னால் பெனிட்டா சீட்டு எடுத்தாள். 'சிருஷ்டித்தல்' வந்தது. தேவன் வானத்தையும் பூமியையும் படைத்தாரே, அந்த வினை. வகுப்பே கைதட்டியது.

எனக்கு 'கின்னே' வந்தது. பொறாமைப்படுதல்.

அதற்கும் கைதட்டினார்கள். "சூப்பர் சொல்லு விமலா! செம்ம டிராமா!" என்று பெனிட்டா என் தோளைத் தட்டினாள். எனக்கு முகம் சுட்டது. அந்தச் சொல்லின் வேருக்கும் முகம் சிவப்பதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்வதை அந்த வாரம்தான் படித்தேன். உறுதியாக யாருக்கும் தெரியாதாம். எனக்குத் தெரியும்.

பெனிட்டா

பெனிட்டாவின் அப்பா ஆயர். தாத்தாவும் ஆயர். அவள் குடியிருந்தது சபை வளாகத்தில் ஆயருக்கென்று இருந்த குருமனையில். முன்னால் தோட்டம், உள்ளே ஒரு அறை முழுக்கப் புத்தகம். அவள் தாத்தாவின் எபிரேய வேதத்தில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்புகள் இருந்தன. அதை அவள் வகுப்புக்கு டிபன் பாக்ஸ் கொண்டுவருவதுபோலக் கொண்டுவருவாள். எங்கள் வீட்டிலும் குறிப்புகள் உண்டு, காலண்டரில். சிலிண்டர் வந்த தேதி.

எபிரேயத்தில் தொண்டையின் அடியிலிருந்து எழும் ஓர் எழுத்து இருக்கிறது. மூன்று மாதம் கண்ணாடி முன் நின்று பழகியும் எனக்கு அது விக்கல் மாதிரிதான் வந்தது. அவள் தண்ணீர் குடிப்பதுபோல அதைச் சொல்லுவாள்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறேன் என்று எனக்காக நாற்காலி பிடித்து வைப்பாள். முட்டை பப்ஸ் இரண்டாக வாங்குவாள். "நீ ரொம்ப போல்டு விமலா, நானெல்லாம் இதுக்குன்னே பொறந்தவ, உனக்குத்தான் கஷ்டம்" என்பாள். அவள் மனதார அப்படிச் சொல்வதைக் கேட்கும்போது பாதி பப்ஸைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிடுவேன்.

பூ உதிராத ரோடு

இங்கே அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறாமை எனக்குப் பெனிட்டாவிடமிருந்து வந்த வியாதி இல்லை, குடும்பச் சொத்து.

வருடத்தில் சில வாரம் பெங்களூர் ரோட்டோரம் ரோஜா நிறப் பூவாகக் கொட்டும். ஊரே நின்று போட்டோ எடுக்கும். அந்தப் பூவை அம்மா சபிப்பார். பெருக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் ரோடு மறுபடி நிறைந்திருக்கும். மேஸ்திரி பைக்கில் வந்து, "ஏன் முடியல இன்னும்?" என்பார்.

அம்மாவோடு வேலை செய்த முனியம்மா அத்தைக்கு மரமே இல்லாத ரோடு கிடைத்திருந்தது. இந்த ஊரில் எல்லோரும் மரமுள்ள தெருவில் வீடு தேடுவார்கள். பெருக்குகிறவர்கள் மட்டும் மரமில்லாத தெருவுக்கு ஏங்குவார்கள். முனியம்மா அத்தை எட்டரை மணிக்கே வேலை முடித்து டீ குடிக்க உட்காருவதைப் பார்த்து அம்மா இரண்டு வருடம் வயிறெரிந்தார். ஒருநாள் மேஸ்திரியிடம் போய், "முனியம்மா தினம் லேட்டா வர்றா, நீங்க கேக்கறதே இல்ல" என்று போட்டுக்கொடுத்துவிட்டார். ரோடு மாறியது.

"அப்புறம் உனக்கு உறுத்தலையாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு உறுத்தணும்? ஜம்முனு இருந்துச்சு. எட்டரைக்கு டீ குடிச்சேன்" என்றார் அம்மா.

கிணற்றில் மண்

என் சொல்லைத் தேடி வேதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் போனேன். போன இடமெல்லாம் தெரிந்த முகமாக இருந்தது.

அக்காள் பிள்ளை மேல் பிள்ளையாகப் பெறுவதைப் பார்த்துக் கணவனிடம் போய், எனக்கும் கொடு, இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்ற தங்கை. அப்பா செல்லமாக வளர்த்த தம்பியைப் பார்த்துக் கறுவிய அண்ணன்மார். ஆதாரம் எதுவும் இல்லாமல் மனைவியைச் சந்தேகிக்கிற புருஷன். துன்மார்க்கன் கொழுத்திருப்பதைக் கண்டு மனம் புழுங்கிய பக்தன். இத்தனை பேருக்கும் எபிரேயத்தில் ஒரே வினைதான்.

மரங்களுக்குக்கூட இந்தச் சொல் உண்டு. ஒரு கேதுரு மரம் அத்தனை அழகாக வளர்ந்ததாம், ஏதேன் தோட்டத்து மரங்களெல்லாம் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டனவாம். தேவனுடைய தோட்டத்தில் வேர்விட்டு நிற்கும் மரத்துக்கே அது வந்தால் ஸ்ரீராம்புரத்துக்காரிக்கு வராதா என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

ஆனால் என்னை உலுக்கியது வேறு இடம். வேற்றூரில் பிழைக்க வந்தவன் ஒருவன் ஆடும் மாடும் பெருகி வாழ்ந்தான். ஊர்க்காரர்கள் பொறாமைப்பட்டு, அவனுடைய தகப்பன் காலத்துக் கிணறுகளில் மண்ணைக் கொட்டித் தூர்த்துவிட்டார்கள். தண்ணீரை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் குடிக்கக் கூடாது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

இதே வினை நல்ல விதமாகவும் வரும். தன் தேவனுக்காக ஒருவன் கொதித்தெழுவதற்கும் இதே சொல்தான். தமது தேசத்துக்காகத் தேவனே அப்படிக் கொதித்ததாகவும் வரும். அங்கெல்லாம் நம் தமிழ் வேதம் வைராக்கியம் என்று மரியாதையாகச் சொல்கிறது. நானும் கொஞ்ச நாள் என் வியாதிக்கு அந்தப் பெயரை வைத்துப் பார்த்தேன். படிப்பில் வைராக்கியம். முன்னேற வைராக்கியம். பெனிட்டாவின் செருப்புச் சத்தம் மண்டபப் படியில் கேட்டதும் அந்தப் பெயர் கழன்று விழுந்துவிடும்.

ஜோடி

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டுரையை வாசிப்பதற்கு முன் இரண்டிரண்டு பேராகத் தாள்களை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் பட்டியலை மற்றவர் ஓர் இடம் விடாமல் பார்த்து, கீழே 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆசிரியை எனக்கு ஜோடியாகப் பெனிட்டாவைப் போட்டார்.

நான் கையால் எழுதியிருந்தேன். அவளுடையது அழகாக அச்சிட்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வந்தது. எண்களை அவள் தன் தாத்தாவின் எபிரேய வேதத்திலிருந்து எடுத்துக் கொடுக்க, சபை ஆபீசில் டைப் செய்கிற அண்ணன் தமிழ் வேதத்தைத் திறந்து அந்த எண்ணில் இருந்த வசனங்களைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம், ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் குறைந்த நேரத்தில் அதைப் பிரித்தேன். சங்கீதங்கள் வந்ததும் கை நின்றது. ஒரு வசனத்தில் படைத்தல் என்ற பேச்சே இல்லை. அடுத்ததிலும் இல்லை. நான்கு இடங்கள் இப்படி.

எனக்கு உடனே புரிந்தது. எபிரேய வேதத்தில் பல சங்கீதங்களின் தலைப்பையும் வசனமாக எண்ணுவார்கள். நம் தமிழ் வேதத்தில் தலைப்புக்கு எண் கிடையாது. அதனால் அங்கே பதின்மூன்றாக இருப்பது இங்கே பன்னிரண்டு. சில சங்கீதத்தில் இரண்டு எண்கூடத் தள்ளிப்போகும். எண்ணை அங்கிருந்தும் வசனத்தை இங்கிருந்தும் எடுத்தால் மாட்டிக்கொள்வோம். முதல் வருடம் நானே இப்படி மாட்டி, வகுப்பு முழுக்கச் சிரிக்க நின்றிருக்கிறேன். அன்றைக்கு என்னைத் தனியாக உட்கார வைத்து இதைச் சொல்லித் தந்தவள் பெனிட்டா.

அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. போன் பக்கத்திலேயே இருந்தது.

டைப் செய்ய ஆள் வைத்திருக்கிறாள், படித்துப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை என்று நினைத்தேன். எனக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை பார்க்கும் பயம் என்று நினைத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'சரிபார்த்தேன். விமலா' என்று எழுதினேன். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாகவே விழுந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை என் தாள்கள் திரும்பி வந்தன. ஓரத்தில் ஒரே ஒரு பென்சில் குறிப்பு. 'இது விட்டுப்போச்சுடி. ரொம்ப நல்ல இடம், விட்டுடாதே!' கீழே சிரிக்கும் முகம்.

எந்தச் சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் புத்தகத்தை நான் ஒக்கலிபுரம் கடையில் ஜெராக்ஸ் எடுத்தபோது பக்கத்தின் கடைசி வரி வெட்டுப்பட்டிருந்தது. அந்த வரியில் இருந்த இடம் அது. வனாந்தரப் பாளயத்தில் இரண்டு பேர் திடீரென்று தீர்க்கதரிசனம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். தலைவனுடைய உதவியாளன், அவர்களைத் தடுத்துவிடும் என்கிறான். தலைவன் அவனைத் திருப்பிக் கேட்கிறான்: எனக்காகவா நீ பொறாமைப்படுகிறாய்? ஜனங்கள் எல்லோருக்குமே இந்த வரம் கிடைத்தால் நல்லதுதானே?

பென்சிலை அழித்தேன். அதே இடத்தில் என் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

மூன்று பேர் முன்னால்

மொழிபெயர்ப்புக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். முதலில் நான் வாசித்தேன். பாளயத்து இடம் வந்ததும் நடுவில் உட்கார்ந்திருந்த குழுத் தலைவர் நிமிர்ந்தார். "இதைப் பலபேர் கவனிக்க மாட்டாங்க. எப்படிம்மா பிடிச்ச?" என்றார். "தேடினேன் சார்" என்றேன்.

பெனிட்டா கணீரென்று வாசித்தாள். சங்கீதங்களுக்கு வந்தாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் தலைவர். "இப்ப வாசிச்ச வசனத்துல சிருஷ்டி எங்க இருக்கு?"

அவள் தாளைப் பார்த்தாள். புரட்டினாள். முன்னால் திருப்பினாள். காது மடல் வரை சிவந்துபோனாள். அடுத்த மூன்றையும் அவர் கேட்டார்.

"யார் சரிபார்த்தது?"

"விமலா, சார். ஆனா அவ மேல தப்பு இல்ல. இந்த நம்பர் விஷயம் அவளுக்கு எப்பவுமே குழப்பம். நான்தான் பார்த்திருக்கணும். தப்பு என்னோடது."

எழுந்து நின்று, எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். நான் என் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்தில் வேலை எனக்கு வந்தது. அம்மா தன்னோடு பெருக்குகிற அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "எம் பொண்ணு சாமி புஸ்தகத்துல தப்பு பாக்குறா" என்று மேஸ்திரியிடம் சொன்னாராம். சபைச் செயலாளர் ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவையெல்லாம் எனக்குப் பிடித்திருந்தன. பொய் சொல்லப் போவதில்லை.

ஆனால் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. ஜெயித்தபின் பொறாமை அடங்கும் என்று நினைத்திருந்தேன். கூடியது. வேலை என் கையில் இருக்கிறது, அன்றைக்கு எழுந்து நின்ற அந்த நிமிர்வு இன்னும் அவளிடமே இருக்கிறதே என்று எரிந்தது.

பஸ் ஸ்டாப்பில்

போன மாதம் மழை விட்ட ஒரு காலையில் கண்டோன்மெண்ட் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். நீலசந்திராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராகச் சேர்ந்திருந்தாள். கையில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகம்.

"எப்படிடி இருக்கு வேலை?"

"நல்லா இருக்கு."

"சங்கீதம் ஆரம்பிச்சுட்டீங்களா? நம்பர் இன்னும் குழப்புதா? தாத்தாகிட்ட ஒரு டேபிள் இருக்கு, ரெண்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்கும். போட்டோ எடுத்து அனுப்பறேன். உனக்கு ஈஸியா இருக்கும்."

உதவி செய்கிறாள். எனக்குத் தெரியாது என்று நம்பி உதவி செய்கிறாள். பொறுக்க முடியவில்லை. நான் நல்லவளாகி மனம் திறந்தேன் என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். என்னை மக்கு என்று ஒருத்தி நினைத்துக்கொண்டிருப்பதை என் கர்வம் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

"எனக்கு ஒரு குழப்பமும் இல்ல பெனிட்டா. உன் தாள்ல நாலும் தப்புன்னு அன்னிக்கே தெரியும்."

"என்னிக்கு?"

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கு."

அவளுடைய பஸ் வந்து நின்றது. போயும்விட்டது. அவள் ஏறவில்லை.

"தெரிஞ்சேவா போட்ட?"

"ஆமா."

"ஏன்டி?"

இரண்டு மாதம் ஒரு சொல்லை முப்பது இடத்தில் தேடி எழுதியவள், பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உன்ன மக்குன்னு சொன்னேனே அத்தன பேர் முன்னாடி" என்றாள். குரல் உடைந்தது. "அதுக்காக ஒரு வாரம் தூங்கலடி நான். உன்ன அவமானப்படுத்திட்டேனோன்னு." நோட்டுக் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? போய் அவங்ககிட்ட சொல்லு." அடுத்த பஸ்ஸில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"பைத்தியமா உனக்கு? கெடச்ச வேலைய யாராச்சும் திருப்பித் தருவாங்களா? பேடா விமலா, வேணாம். அந்தப் பொண்ணுக்கு அப்பன் இருக்கான், பங்களா இருக்கு. உனக்கு என்ன இருக்கு?"

"படிப்பு இருக்கும்மா."

"அத வச்சு என்ன பண்ணுவ?"

"அவளத் தோக்கடிப்பேன். அவ முழுசா நிக்கும்போது."

அம்மா கத்தியை மறுபடி எடுத்தார். "அப்பவும் அந்தப் பொண்ணு மேலயேதான் கண்ணு உனக்கு" என்றார். அது உண்மைதான்.

கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில் நின்றது ஒரே பக்கம். பெனிட்டாவின் தவறு எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டேன். பாளயத்து இடத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தவளும் அவள்தான். எங்கள் இருவருக்கும் புதிய வினைச்சொற்களைக் கொடுத்து மறுபடி கேளுங்கள், அதுவரை நான் இந்த நாற்காலியில் இருப்பது முறையில்லை. இவ்வளவுதான் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு தடவை எழுதி, ஒரு தடவை அடித்தேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு முன் குழுத் தலைவரின் அறைக்குப் போனேன். அவர் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு என் மேஜைச் சாவியைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, படியிறங்கி ரோட்டுக்கு வந்துவிட்டேன்.